மதமா, மனுச புத்தியா: தருமபுரியின் மூன்று வழக்குகள்

தருமபுரி நான்கு ரோட்டில் நாங்கள் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று வாத்தியார் கட்சி. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கறுப்புச் சட்டை போடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது, பேச்சில் மட்டும் இன்னும் கறுப்பு போகவில்லை. இன்னொன்று பூசாரி மாமா கட்சி. எனக்குத் தூரத்துச் சொந்தம், பரம்பரையாக மாரியம்மனுக்குப் பூசை வைப்பவர். பேப்பரில் எங்காவது கும்பல் ஒன்று சேர்ந்து ஆளை அடித்துக் கொன்றது, வீட்டைக் கொளுத்தியது என்று வந்தால் போதும், வாத்தியார் பேப்பரை மடித்து மாமாவின் பக்கம் தள்ளுவார்.

"பாத்தீங்களா பூசாரி, உங்க மதம் பண்ற வேலைய."

"மதம் என்னங்க பண்ணும் வாத்தியாரே? மனுச புத்தி அது. சாமியே இல்லைன்னு சொன்னவன் மட்டும் யாரையும் கொல்லலையா?"

இது பத்து வருஷத்துக்கு மேலாக ஓடும் பஞ்சாயத்து. போன மாதம் இருவரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீதான் வக்கீலாச்சே மாப்ள, ஒரு தீர்ப்பு சொல்லு" என்றார் மாமா. தீர்ப்பு சொல்லும் உத்தியோகம் என்னுடையது இல்லை. ஆனால் வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்கத் தெரியும். ருவாண்டாவுக்கும் கம்போடியாவுக்கும் போவதற்கு முன்னால் நம்முடைய மாவட்டத்துக் கட்டுகளையே பிரிப்போம் என்று தோன்றியது. அவர்களிடம் வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டவை மூன்று: 1992 வாச்சாத்தி, 2000 இலக்கியம்பட்டி, 2012 நத்தம். மூன்றிலும் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேச்சே எழவில்லை. செய்தவர்களும் பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே சாமிகளைக் கும்பிடுகிறவர்கள். வாத்தியாரின் குற்றச்சாட்டுக்கு இது சாதகமான களம் இல்லை. வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன்.

வாச்சாத்தி

அரூரிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் போனால் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைத்துக்கொள்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். சேர்வராயனிலும் கல்வராயனிலும் இருப்பவர்களும் இவர்களே.

அது சந்தனக்கட்டைக் காலம். மலையில் மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் இருந்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வெட்டச் சொன்னவர்களும் வாங்கி விற்றவர்களும் பழங்குடி ஊர்களில் குடியிருக்கவில்லை என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை.

1992 ஜூன் 20 காலையில் வனத்துறை ஆட்கள் சிலர் சந்தனக்கட்டை தேடி ஊருக்குள் வந்தார்கள். வாக்குவாதம் முற்றிக் கைகலப்பானது. ஊராள் அடிபட்டார், வனத்துறை ஆளும் அடிபட்டார். அவர்கள் திரும்பிப் போனார்கள். பிறகு வந்தது ஒரு படை. வனத்துறையில் 155 பேர், காவல்துறையில் 108 பேர், வருவாய்த்துறையில் 6 பேர், ஆக மொத்தம் 269 பேர்.

ஆண்களில் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். மிச்சமிருந்த பெண்களையும் கிழடுகளையும் குழந்தைகளையும் வீடு வீடாக இழுத்துவந்து ஊர் ஆலமரத்தடியில் உட்காரவைத்து அடித்தார்கள். அவர்களிலிருந்து 18 பெண்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பள்ளிக்கூட வயதுச் சிறுமியும் அதில் உண்டு. கட்டையை எங்கே பதுக்கியிருக்கிறீர்கள், வந்து காட்டுங்கள் என்று சொல்லி ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே நடந்தது கூட்டுப் பாலியல் வன்கொடுமை. அன்றிரவு அவர்களை அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்துவைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர், கைக்குழந்தைக்காரிகள் உட்பட, கடத்தல் வழக்கில் சேலம் சிறைக்குப் போனார்கள்.

ஆளில்லாத ஊரில் அடுத்து நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓடுகளை உடைத்தார்கள். பாத்திரங்களை நசுக்கினார்கள். ஆடு, கோழிகளை அடித்துத் தின்றார்கள். தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்தார்கள். மிச்சத்தைக் கிணற்றில் போட்டுக் குடிதண்ணீரைக் கெடுத்தார்கள்.

இங்கே நிறுத்தி மாமாவிடம் கேட்டேன்: "இதுல எது மாமா மனுச புத்தி?"

"எல்லாந்தான். மிருக புத்தி."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபத்தில் ஒருவன் அறைவான், உதைப்பான், கத்தியைக்கூட எடுப்பான். கண்ணாடியை உடைத்துப் பொடியாக்கி, அதை மூட்டைக்குள் கொட்டி, கேழ்வரகோடு கலக்கிவிட்டுப் போக கோபம் போதாது. அதற்கு நேரம் வேண்டும். நாளைக்கு இந்த ஊரில் ஒரு உலை கொதிக்கக்கூடாது என்ற யோசனை வேண்டும். மிருகம் எதுவும் இன்னொரு மிருகத்தின் அடுத்த மாதச் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பதில்லை. மூன்று துறைக்காரர்கள் வண்டிகளில் வந்து, ஆளைப் பிரித்து, அலுவலகத்தில் அடைத்து, காகிதம் எழுதி, சிறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இது நிலைகுலைந்தவர்கள் செய்த காரியம் இல்லை, வேலைநாளில் செய்த வேலை.

கிணற்றையும் தானியத்தையும் கெடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. தருமபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமானின் ஊர். எதிரி நாட்டைக் கொளுத்துவதற்கு 'எரிபரந்தெடுத்தல்' என்று நம் முன்னோர் ஒரு துறையே வகுத்து வைத்திருக்கிறார்கள். புறநானூற்றின் 392ஆம் பாட்டில் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவை பாடுகிறார்: பகைவரின் மண்ணில் கழுதை பூட்டி உழுது, வரகும் கொள்ளும் விதைத்தவனே, நீ வாழ்க என்று. நெல்லிக்கனி கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நெல்லிக்கனி வாங்கிய ஔவையின் வாழ்த்து! அதில் சாமி பெயரால் நடந்த சண்டை எதுவும் இல்லை. இதைச் சொன்னபோது வாத்தியாரின் முகம் கொஞ்சம் வாடியது, சங்ககாலம் அவருக்குப் பொற்காலம்.

அப்படியானால் 269 பேரை அப்படிச் செய்யவைத்தது எது? வேறொரு ஊரில் நடந்த ஒரு சோதனை இங்கே உதவும். 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் மின்அதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார். அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு. அது அழுத்துகிறவருக்குத் தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். மனித இயல்பே இதுதான் என்பவர்கள் எல்லோரும் இந்த எண்ணோடு நின்றுவிடுவார்கள். மில்கிராம் நிற்கவில்லை. உத்தரவை நேரில் சொல்லாமல் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தார், ஐந்தில் ஒருவர்தான் கடைசி வரை போனார். பக்கத்தில் இருவரை உட்காரவைத்து அவர்களை "எங்களால் முடியாது" என்று எழுந்துகொள்ளச் சொன்னார். அப்போது 40 பேரில் கடைசி வரை போனவர்கள் 4 பேர். அதே ஊர், அதே மாதிரி ஆட்கள், அதே இயல்பு. பக்கத்து நாற்காலி மட்டும்தான் மாறியது.

வாச்சாத்தியில் பக்கத்து நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. மேலதிகாரி இருந்தார். காக்கி இருந்தது. 'கடத்தல்காரர்கள்' என்ற பெயர் தயாராக இருந்தது. யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியமும் இருந்தது. அந்தத் தைரியம் வீணாகவும் இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அரசுத் தரப்பு முதலில் சொன்னது. மலைவாழ் மக்கள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் போய்ப் பார்த்து வெளியே சொன்ன பிறகு, மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 1995இல் வழக்கு சிபிஐ கைக்குப் போனது.

2011 செப்டம்பர் 29 அன்று எங்கள் தருமபுரி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூட விடுதலை இல்லை. 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. சம்பவம் நடந்து 19 வருஷம். மேல்முறையீடுகளை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் நேரே வாச்சாத்திக்கு வந்து ஊரைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றுவதற்காக ஊர் மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. மாமாவின் மனுச புத்தி வாதத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பை நான் பார்த்ததில்லை. யாரோ ஒருவருக்கு இதில் லாபம் இருந்தது.

நத்தம்

இந்தக் கதை பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தருமபுரி திருப்பத்தூர் சாலையில் நாயக்கன்கொட்டாய்ப் பகுதி. நத்தம் தலித் காலனி இளைஞர் ஒருவரும் பக்கத்து ஊர் வன்னியர் வீட்டுப் பெண்ணும் 2012இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். நவம்பர் 7 அன்று பெண்ணின் அப்பா தூக்கில் தொங்கினார். உடலைச் சாலையில் வைத்து மறியல் நடந்தது. அதே மாலையில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி என்ற மூன்று காலனிகளில் 268 வீடுகள் சேதமாயின. பலவற்றைக் கொளுத்தியிருந்தார்கள். போலீஸும் தீயணைப்பு வண்டியும் வந்துவிடாமல் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சனங்கள் காட்டுக்குள் ஓடியதால் உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த ஜூலை 4 அன்று அந்த இளைஞரின் உடல் அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்னால் ரயில் பாதையோரம் கிடந்தது.

"இது சாதி. சாதிதான் இந்து மதம். அப்ப மதந்தானே?" வாத்தியார் மேசையைத் தட்டினார்.

இந்த இடத்தில் வாத்தியாரின் கட்சி பலமானது, அதை லேசில் தள்ளிவிட முடியாது. 1936இல் லாகூர் மாநாடு ஒன்றுக்காக அம்பேத்கர் ஒரு உரை தயாரித்தார். கூப்பிட்டவர்களே பயந்து மாநாட்டை ரத்து செய்துவிட்டார்கள். அந்த உரையின் முதுகெலும்பு இதுதான்: இந்துக்கள் சாதி பார்ப்பது அவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்பதால் அல்ல, ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர்கள் என்பதால், ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த நினைப்பை ஊட்டிய சாஸ்திரத்தின் மேல் கை வைக்க வேண்டும். மதமா, மனித இயல்பா என்ற கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த மிகத் துல்லியமான பதில் இதுதான் என்பது என் எண்ணம். மாமா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை.

ஆனால் நத்தத்தை முழுதாக விளக்க அதுவும் போதவில்லை. சாஸ்திரம் ஆயிரக்கணக்கான வருஷமாக இருக்கிறது. தீ ஏன் 2012இல் பிடித்தது? அதே நாயக்கன்கொட்டாயில் அப்பு, பாலன் என்ற இரண்டு நக்சல்பாரித் தலைவர்களின் சிலைகள் நிற்கின்றன. பாலன் 1980இல் போலீஸ் நடவடிக்கையில் இறந்தவர். அந்தக் காலத்தில் இதே மண்ணில் வன்னியர் வீட்டுப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் சேர்ந்து நின்று கந்துவட்டிக்காரர்களை எதிர்த்தார்கள், டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்தார்கள். சாதி தாண்டிய கல்யாணங்களும் இந்தப் பகுதியில் நடந்தே இருக்கின்றன, 268 வீடு எரியாமல். சாஸ்திரமும் மாறவில்லை, மனித இயல்பும் மாறவில்லை. முப்பது வருஷத்தில் மாறியது எது?

இரண்டைக் கண்ணால் பார்த்தோம். காலனியிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் சம்பாதித்து வந்து மச்சு வீடு கட்டினார்கள், பைக் வாங்கினார்கள், பீரோ வாங்கினார்கள். அன்றைக்கு உடைந்தவற்றில் இந்தப் பீரோக்கள் இருந்தன. நகையும் பணமும் எடுக்கப்பட்ட பிறகுதான் தீ வைக்கப்பட்டது என்று அந்தச் சனங்கள் சொன்னார்கள். பெண்ணின் அப்பாவுக்காகக் கொதித்த நெஞ்சு பீரோவை எதற்காக நெம்பித் திறக்கிறது? இன்னொன்று, மேடை. அந்த ஆண்டில் சாதி மேடைகளில் கலப்பு மணத்துக்கு எதிரான பேச்சு ஓங்கியது. 'நாடகக் காதல்' என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. ஒரு பையனும் பெண்ணும் விரும்பியது ஒரு சாதி இன்னொரு சாதிக்கு வைத்த கண்ணியாக மாறியது அந்தச் சொல்லால்தான். அந்தச் சொல்லை உருவாக்க சாஸ்திரம் தேவைப்படவில்லை, மைக் போதுமானதாக இருந்தது.

வன்கொடுமை என்ற சொல்லே எங்கள் ஊர்களில் என்ன ஆனது என்று பாருங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளைத் தடுக்க வந்த 1989 சட்டத்தின் பெயரில் இருப்பது அந்தச் சொல்தான். யாரும் அப்படிச் சொல்வதில்லை, அதற்கு முந்தைய குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தைத்தான் சொல்வார்கள். "அவன் மேல பி.சி.ஆர். போட்டுட்டான்" என்பார்கள், ஏதோ அபராதச் சீட்டு எழுதியது மாதிரி. கொடுமை போய் கேஸ் நின்றுவிட்டது.

இலக்கியம்பட்டி

இதில் சாதியும் இல்லை. 2000 பிப்ரவரி 2 அன்று கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குச் சிறைத்தண்டனை என்று சென்னையில் தீர்ப்பு வந்தது. தருமபுரியில் கட்சிக்காரர்கள் சாலை மறியலில் இறங்கினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா வந்த பேருந்து இலக்கியம்பட்டியில் அந்த மறியலில் மாட்டிக்கொண்டது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் எரிந்து செத்தார்கள்.

கொளுத்தியவர்களுக்கு அந்தப் பிள்ளைகளோடு எந்தப் பகையும் இல்லை. முகம்கூடத் தெரியாது. மனுச புத்தி வாதத்துக்கு இதைவிடச் சுத்தமான வழக்கு கிடைக்காது, மாமாவும் அதைத்தான் சொன்னார். நீதிமன்றத்திலும் அது எடுபட்டது. 2007இல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது, 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2016 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கும்பல் வெறியின் பிடியில் செய்தது, முன்பகை இல்லை, இந்தப் பிள்ளைகளைக் கொல்லவேண்டும் என்று முன்கூட்டி நினைத்து வந்தவர்கள் இல்லை என்பது காரணம். 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி மூவரும் விடுதலையானார்கள்.

எனக்குத் தூக்குத் தண்டனையில் நம்பிக்கை இல்லை. அதனால் தண்டனை குறைந்ததில் வருத்தமும் இல்லை. காரணம்தான் உறுத்துகிறது. அதே நிமிஷத்தில் அதே சாலையில் இன்னொரு கும்பலும் இருந்தது. பின்னால் வந்த பேருந்தில் இருந்த மாணவர்கள் ஓடிவந்து கண்ணாடியை உடைத்துப் பெண்களை வெளியே இழுத்தார்கள். அவர்களும் கும்பல்தான், அவர்களுக்கும் பதற்றம்தான், அவர்களும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. வெறி காரணம் என்றால் ஒரே வெறி ஒரு கும்பலைப் பெட்ரோல் கேனிடமும் இன்னொன்றைக் கண்ணாடியிடமும் எப்படி அனுப்பியது? ஒரு கும்பல் தலைவிக்கு விசுவாசத்தைக் காட்டும் வேலையில் இருந்தது. அந்த விசுவாசத்துக்கு அன்றைக்குப் பேருந்து எரிப்பு என்பது கணக்கில் வைக்கத் தக்க காணிக்கையாக இருந்தது. இன்னொரு கும்பலுக்கு உள்ளே இருந்தவர்கள் கூடப் படிக்கிறவர்கள்.

இந்த வழக்கில் இன்னொரு பகுதியை யாரும் பேசுவதில்லை. விசாரணை முதலில் நடந்தது கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004இல்தான் பிரிந்தது. அங்கே சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். செத்த பிள்ளைகளில் ஒருவரின் தகப்பன் உயர் நீதிமன்றம் போய்த்தான் விசாரணை சேலத்துக்கு மாறியது. பட்டப்பகலில், தேசிய நெடுஞ்சாலையில் நடந்ததைப் பார்த்தவர்கள் கூண்டில் ஏறி "பார்க்கவில்லை" என்றார்கள். அதில் வெறி ஏதும் இல்லை. வீட்டில் யோசித்து, சட்டை மாற்றி, பஸ் ஏறி வந்து சொன்னது அது.

பஞ்சாயத்துக்குத் திரும்பினால்

வாத்தியாருக்கு என் பதில்: இந்த மூன்று கட்டுகளிலும் மதம் நேராகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. ஒன்றில் காக்கி நிற்கிறது, ஒன்றில் கட்சி, ஒன்றில் சாதி. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை ஏறத்தாழ 17 லட்சம் பேர் சாகக் காரணமான கெமர் ரூஜ் ஆட்சி புத்தத் துறவிகளின் காவியைக் கழற்றிய ஆட்சி. ருவாண்டாவில் 1994இல் நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேரை வெட்டிய ஹுட்டுக்களும் வெட்டுப்பட்ட டுட்ஸிக்களும் பெரும்பாலும் ஒரே சர்ச்சில் மண்டியிட்டவர்கள். அந்த சர்ச்சுக்குள் ஓடி ஒளிந்தவர்களை அங்கேயே வெட்டினார்கள். ரேடியோ அவர்களைக் கரப்பான்பூச்சி என்றது. இங்கே கடத்தல்காரன், அங்கே கரப்பான்.

அதனால் மதம் விடுதலையா என்றால், அதுவும் இல்லை. 1947இல் பஞ்சாபில் ரயிலில் வந்த பிணங்களையும் 1997, 98இல் கோவையில் நடந்ததையும் பார்த்தவர்கள் மதத்துக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுத முடியாது. மதம் தரும் அனுமதிக்கு மற்றவை தரும் அனுமதியைவிட ஆயுள் அதிகம். காக்கி ஓய்வுபெறும், கட்சி தோற்கும். மேலே இருப்பவன் சொன்னான் என்றால் அதற்கு மேல்முறையீடு எங்கே செய்வது? அம்பேத்கர் கை வைத்தது இந்த இடத்தில்தான்.

மாமாவுக்கு என் பதில் இன்னும் கடுமையானது, அவர் சொந்தக்காரர் என்பதால் சொல்கிறேன். மனுச புத்தி எல்லோரிடமும் உண்டு. எல்லோரிடமும் எப்போதும் இருக்கிற ஒன்று, ஏன் இந்த ஊர், ஏன் இந்த நாள், ஏன் இந்த வீடு என்பதற்குக் காரணம் ஆகாது. காற்று இல்லாமல் எந்த வீடும் எரியாது. அதற்காகத் தீயணைப்புத் துறை அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் காற்று என்று எழுதுவார்களா? புத்தி என்று சொல்லிவிட்டால் பெயர் சொல்லவேண்டியதில்லை. அந்த வசதிக்காகத்தான் நாம் அதைச் சொல்கிறோமோ என்று எனக்குப் பல நாளாகச் சந்தேகம்.

1942 ஜூலையில் போலந்தின் யுசெஃபூவ் என்ற ஊரில் ஜெர்மன் ரிசர்வ் போலீஸ் பட்டாளம் ஒன்று நின்றது. ஏறத்தாழ 500 பேர், பலர் ஹாம்பர்க் நகரத்து நடுவயதுக்காரர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். ஊரிலுள்ள யூதர்களில் வேலைக்கு ஆகும் ஆண்களைத் தனியே பிரித்துவிட்டு, பெண்களையும் குழந்தைகளையும் கிழடுகளையும் சுட வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவைச் சொன்ன மேஜர் டிராப், முடியாது என்று நினைக்கிற வயதானவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஒதுங்கியவர்கள் ஒரு டஜன் பேர் அளவில். அவர்களுக்குத் தண்டனை எதுவும் இல்லை. மற்றவர்கள் சுட்டார்கள். அந்த ஒரு டஜன் பேருக்கு வேறு மதமும் இல்லை, வேறு புத்தியும் இல்லை.

வாச்சாத்தித் தீர்ப்பின் ஒரு வரியில் மட்டும் எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும், அதில் பாதியைக் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களிடமிருந்தே வசூலிக்கவேண்டும் என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. வாத்தியார் இரண்டாவது டீ சொன்னார். மாமா மட்டும் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் அன்னைக்கு அந்தப் பக்கந்தான் வந்தேன்" என்றார்.

"என்னைக்கு மாமா?"

"நவம்பர் ஏழு. திருப்பத்தூர்ல ஒரு காதுகுத்து. கிருஷ்ணாபுரம் தாண்டி வர்றப்ப ரோட்டுல மரம் கெடந்துச்சு. புளியமரம். பச்ச வாசனை, அப்பதான் வெட்டிருக்காங்க. அந்தாண்ட புகை."

"அப்புறம்?"

"டி.வி.எஸ்.ச திருப்பிட்டேன். நாலு பேரு அருவாளோட நின்னாங்க. ரெண்டு பேரு தெரிஞ்ச மூஞ்சி. 'சாமி, நீங்க சுத்திப் போயிருங்க'ன்னு மரியாதையாத்தான் சொன்னாங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை வைத்து மாமாவை மடக்கியிருக்கலாம், மடக்கவில்லை.

"போலீஸ் வந்து விசாரிச்சப்ப சொன்னீங்களா?" என்று நான் கேட்டேன்.

"அவனுங்க வருசா வருசம் கூழ் ஊத்த மொத மூட்ட கொண்டாந்து எறக்குறவனுங்க மாப்ள" என்றார் மாமா. டீக் காசை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று பேருக்கும் சேர்த்தே வைத்தார்.